யோகராணி பெரியம்மா பாடமாக்கிய கம்பேச்சே

என் பெரியம்மா யோகராணி கம்பேச்சேக்குப் போனதில்லை. மெக்சிக்கோவுக்கே போனதில்லை. மொன்றியலுக்கு வந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் தெற்குப் பக்கமாகப் போன ஆகத் தூரமான இடம் நயாகரா. அன்றைக்கும் மழை. ஆனால் கம்பேச்சே மாநிலத்தின் சனத்தொகை எவ்வளவு என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவார்: ஒன்பது லட்சத்து இருபத்தெட்டாயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று. இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுக் கணக்கு. பிறகு அந்தக் கணக்கில் ஒரு பெண் கூடினார். அவர் இன்னும் அதில் இருக்கிறாரா என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போது ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

டோர்வலில், மொன்றியல் விமான நிலையத்துக்குப் பின்பக்கம், விமானச் சாப்பாடு கட்டும் கிச்சன் ஒன்று இருக்கிறது. ஆகாயத்தில் நீங்கள் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடுகிற சாப்பாடு அங்கேயிருந்துதான் ஏறுகிறது. பெரியம்மா இருபத்திரண்டு வருடமாக அங்கே ஒரே இடத்தில் நிற்கிறார். சுப்பவைசர் வின்சன்டுக்கு யோகராணி என்ற பெயர் வாயில் நிற்காது. 'மடாம் யோகா' என்பார். பெரியம்மா வாழ்க்கையில் ஒரு நாளும் குனிந்து தன் காலைத் தொட்டதில்லை. பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட பிறகு என்னையும் அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர்தான்.

அங்கே லேபல் ஒட்டாத பொருள் கிடையாது. தக்காளி வெட்டினால் லேபல். சோஸ் ஊற்றினால் லேபல். இன்ன திகதிக்கு முன் பாவிக்கவும். திகதி தாண்டினால், நல்லதாக இருந்தாலும் தொட்டியில் கொட்டவேண்டியதுதான். லேபல் அடிக்கும் மெஷின் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. யார் அதை அங்கே வைத்தார்களோ அவர்களைத்தான் கேட்கவேண்டும். 'மீன், நான்கு பாகைக்குக் கீழ் வைக்கவும்' என்று நான் முதுகில் ஒட்டிய லேபலோடு வின்சன்ட் இரண்டு மணித்தியாலம் நடந்து திரிந்தார்.

மரிசேலா வந்தது இரண்டாயிரத்து இருபத்து மூன்றில். மெக்சிக்கோவின் மேற்குப் பக்கத்தில் மிச்சோவகான் என்று ஒரு மாநிலம். அதற்குள்ளே வெக்கை பிடித்த ஒரு பள்ளத்தாக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் எலுமிச்சைத் தோட்டம், நாங்கள் சொல்கிற தேசிக்காய். அங்கிருந்து வந்தவர். நாற்பத்தொரு வயது. பெரியம்மாவின் இடப்பக்கத்தில் நின்று மீன் தட்டுகளுக்குத் தேசிக்காய்த் துண்டு வைப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஓடிவந்தவரைத் தேசிக்காய் துரத்திக்கொண்டு வந்திருந்தது.

அவருடைய ஊரில் லொறியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் பங்கு கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். மரிசேலாவின் தம்பி தரமாட்டேன் என்றார். மூன்றாம் நாள் தம்பியின் வான் தோட்ட வாசலில் கதவு திறந்தபடி நின்றது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தம்பி இல்லை. மரிசேலா பொலிசுக்குப் போனார். திரும்பி வீட்டுக்கு நடந்து வந்தபோது, பொலிஸ் நிலையத்தில் அவர் சொன்ன வசனத்தை, ஒரு சொல் மாறாமல், வீட்டு வாசலில் நின்ற ஒருவன் அவருக்கே சொல்லிக் காட்டினான். அன்றைக்கு ஓடத் தொடங்கியவர் டோர்வலில் வந்துதான் நின்றார்.

பெரியம்மாவும் அவரும் கதைப்பது கிச்சன் பிரெஞ்சில். அதில் பாதி கை, பாதி கண். பெரியம்மா எந்தப் பாஷையில் கதைத்தாலும் என் காதில் யாழ்ப்பாணம்தான் விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

வேலைக்கு நடுவில் மரிசேலாவின் போன் அதிரும். நம்பர் தெரியாதது. முன்னால் இருக்கும் ஊர் இலக்கம் தெரிந்தது. அவர் அதைத் தட்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேசிக்காயை வெட்டிக்கொண்டே இருப்பார். போன் நின்ற பிறகும் பார்ப்பேன், துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். எனக்குப் பயம் தந்தது அதுதான்.

இருபத்து நான்கு ஒக்ரோபரில் அவருடைய அகதிக் கேசுக்கு விசாரணைத் திகதி வந்தது. நவம்பர் பதினான்கு. சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் எங்களுக்குப் பத்து நிமிடம் தந்தார். நான்தான் இடையில் நின்று மொழி மாற்றிச் சொன்னேன்.

"உங்கள் ஊர் ஆபத்தானது என்பதை ஒத்துக்கொள்வார்கள்," என்றார் வக்கீல். "அதில் சண்டை இல்லை. ஆனால் உங்கள் நாட்டிலேயே வேறு பத்திரமான இடத்தில் போய் இருக்கலாமே என்பார்கள். இடத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கம்பேச்சே. அந்த ஆட்கள் உங்களை அங்கேயும் வந்து பிடிப்பார்களா? அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் யோசித்து வையுங்கள்."

மரிசேலா அந்தப் பெயரைக் கடுதாசியில் எழுதிக்கொண்டார். பெரியம்மாவின் முகம்தான் மாறியது.

"கொழும்பு," என்றார்.

"என்ன பெரியம்மா?"

"இவளுக்கும் கொழும்பைக் காட்டுறாங்களடி."

இந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்திருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் முழுசாகச் சொன்னார். பெரியம்மா மாதகல்காரி. தொண்ணூற்று நான்கில், இருபத்தாறு வயதில், தனியாக இங்கே வந்தவர். அடுத்த வருடம் விசாரணை. யாழ்ப்பாணத்தில் இருக்கமுடியாது, சரி, கொழும்பில் இருக்கலாமே என்று அதிகாரி கேட்டாராம். பெரியம்மா கொழும்பைக் கண்டது பதினொரு நாள். அதுவும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறைக்குள், பொலிஸ் செக்கிங்குக்குப் பயந்து யன்னலைச் சாத்தியபடி. கொழும்பில் எந்தப் பகுதி தெரியும்? தெரியாது. எந்த வீதி? தெரியாது. அங்கே வேலை எடுப்பது எப்படி? தெரியாது. ஏழு கேள்வி. ஏழு தெரியாது. கேஸ் நிராகரிக்கப்பட்டது.

அதன் பிறகு ஆறு வருடம், வேறு விண்ணப்பம் போட்டு இருக்க விடும்வரை, வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை கட்டியபடி இருந்தது. கதவு தட்டுகிற ஒவ்வொரு முறையும் பெரியம்மா முதலில் பையைத்தான் பார்ப்பாராம், பிறகுதான் கதவை.

"நான் ஏன் தோத்தனான் தெரியுமே? படிக்காமல் சோதினைக்குப் போனனான்," என்றார். "மரிசேலா அப்பிடிப் போகக்கூடாது. உந்தப் போனை எடு. கம்பேச்சே எண்டு போடு."

போட்டேன். அங்கேயிருந்து தொடங்கியது.

எங்கள் ஆட்கள் ஒன்றைப் படிப்பது என்றால் அதைப் பாடமாக்குவதுதான். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம். பெரியம்மா லேபல் மெஷினில் ஒவ்வொரு விடயமாக அடிக்கச் சொன்னார். இந்தமுறை வின்சன்டுக்குத் தெரியாமல் லேபல் திருடியது நான் இல்லை, பெரியம்மா. லேபல்களைத் தேசிக்காய்ப் பெட்டியின் உள்மூடியில் வரிசையாக ஒட்டினோம். மரிசேலா துண்டு எடுக்கும்போதெல்லாம் மூடி திறக்கும், கம்பேச்சே தெரியும்.

"எங்கை இருக்கு?"

"தென்கிழக்கு. மெக்சிக்கோ வளைகுடாக் கரை."

"பக்கத்திலை?"

"யுகட்டான், தபாஸ்கோ, கிந்தானா ரோ. கீழே குவாத்தமாலா, பெலிஸ்."

"தலைநகரம் எப்ப கட்டினது?"

"ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது." பிறகு மரிசேலா கத்தியை வைத்துவிட்டு, "யோகா, எனக்கு அங்கே ஒருவரும் இல்லை," என்பார்.

"உதைச் சொல்லாதை. 'இல்லை'யும் சொல்லக்கூடாது, 'தெரியாது'வும் சொல்லக்கூடாது. ரெண்டும் சொன்னா முடிஞ்சுது."

கம்பேச்சேயின் சரித்திரம் நல்ல பயங்கரமானது. கடற்கொள்ளையர் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஆயிரத்து அறுநூற்று எண்பத்தைந்தில் வந்தவர்கள் இரண்டு மாதம் ஊருக்குள்ளேயே குடியிருந்து சாவகாசமாகக் கொள்ளையடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். இரண்டரைக் கிலோமீட்டர், எட்டு அரண்.

"கொண்டுபோறதெல்லாம் கொண்டுபோன பிறகு பூட்டுப் போட்டிருக்கினம்," என்றார் பெரியம்மா.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்றில் யுகட்டானிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. போன நூற்றாண்டில் ஒரு மீனவர் கடலில் எண்ணெய் மிதப்பதைக் கண்டார். அதிலிருந்து கடலுக்குள் இரும்பு மேடைகள். பொமூச் என்ற ஊரில் வருடத்துக்கு ஒருமுறை செத்தவர்களின் எலும்பை வெளியே எடுத்துத் துடைத்து, புதுத் துணி விரித்துத் திரும்ப வைப்பார்கள். இதைப் பாடமாக்கிய அன்று மரிசேலா பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு, "அவர்களுக்குத் துடைப்பதற்கு எலும்பாவது இருக்கிறது," என்றார்.

அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவில்லை. தாங்காத இடத்தில் நான் பகிடி விடுவேன். தலைமயிரை மூடும் வலையைக் கழற்றிக் கழுத்தில் டை போலக் கட்டிக்கொண்டு அதிகாரி ஆனேன்.

"மடாம், ஆயிரத்து அறுநூற்று எண்பத்தைந்தில் வந்த கொள்ளையர்களின் சப்பாத்து அளவு என்ன?"

"நாற்பத்து மூன்று," என்றார் மரிசேலா, கண் சிமிட்டாமல்.

"மரக்காலுக்கு?"

"மரக்காலுக்கு அளவு இல்லை, ஐயா. வெட்டினதுதான் அளவு."

அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அதனால்தான் அடுத்த வேலையைத் தொடங்கினேன். போனில் வரைபடம் இருக்கிறதல்லவா, வீதியில் நிற்பதுபோலவே படம் காட்டும், விரலால் தள்ளித் தள்ளி நடக்கலாம். மதிய இடைவேளையில் நாங்கள் மூன்று பேரும் அப்படிக் கம்பேச்சேக்குள் நடந்தோம். நிலக்கீழ் மெட்ரோவில் போய்வருகிற ஆட்களுக்கு அது திருவிழா. பச்சை வீடு, சிவப்பு வீடு, சந்தைக்குப் போகும் முடுக்கு. ஒரு மூலையில் மஞ்சள் வீடு. அதன் நீலக் கதவுக்கு முன்னால் மண்ணிற நாய் ஒன்று கால் நாலையும் நீட்டிப் படுத்திருந்தது. மரிசேலா ஒவ்வொரு நாளும் கடைசியில் அந்த நாயிடம் போகச் சொல்வார்.

"இண்டைக்கும் எழும்பேல்லையோ?" என்று பெரியம்மா கேட்பார்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். ஒரு கடையின் பின்னால் தேசிக்காய்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மரிசேலா ஒன்றைத் திருப்பினார். பக்கத்தில் அச்சடித்த பெயரில் விரலை வைத்தார்.

"எங்கள் பள்ளத்தாக்கு. இந்தப் பெட்டிக்கும் அவர்களுக்குப் பங்கு போயிருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெட்டி போகிற ஊரெல்லாம் அவர்களுக்குத் தெரியும், யோகா. ஏற்றுகிறவன், ஓட்டுகிறவன், இறக்குகிறவன். ஒருத்தன் ஒரு போன் எடுத்தால் போதும். கம்பேச்சேக்காரர் தேசிக்காய் பிழியமாட்டார்களா?"

"உதை விடு," என்றார் பெரியம்மா. "மதிலுக்கு எத்தினை அரண்?"

"எட்டு."

"கெட்டிக்காரி."

நானும் அங்கேதான் நின்றேன். எனக்கும் கேட்டது. நான் திராட்சை ருசிபார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். வக்கீல் யோசித்து வைக்கச் சொன்ன பதில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சொல்லப்பட்டு, அங்கேயே விடப்பட்டது.

திங்கட்கிழமை நான் ஒரு லேபல் அடித்தேன். 'மரிசேலா. நவம்பர் 14க்கு முன் பாவிக்கவும்.' அவர் முதுகில் ஒட்டினேன். வரிசை முழுக்கச் சிரித்தது. வின்சன்டும் சிரித்தார். மரிசேலா முதுகுப் பக்கம் கையை விட்டு மெதுவாக உரித்து, வாசித்து, நான்காக மடித்துப் பேர்சுக்குள் வைத்தார். பெரியம்மா என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

விசாரணை, வக்கீலின் அறையில், கணினித் திரையில் நடந்தது. நானும் பெரியம்மாவும் பின்னால், வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. திரையில் அதிகாரி ஒரு பெண். மெல்லிய குரல். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன். தம்பியைப் பற்றிக் கேட்டபோது மரிசேலாவுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்தார். பிறகு, "கம்பேச்சேயில் போய் வாழ உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டார்.

மரிசேலா திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா தலையை ஆட்டினார், தொடங்கு என்று.

அவர் தொடங்கினார். கரை, எல்லை, சனத்தொகை. கொள்ளையர், மதில், அரண். மொழிபெயர்ப்பாளர் மூச்சு வாங்கினார். அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

"உங்களுக்கு அந்த நகரம் நல்ல பழக்கமா?"

'தெரியாது' சொல்லக்கூடாது. மரிசேலா, "தெரியும்," என்றார். சந்தைக்கு எந்த முடுக்கால் போகவேண்டும் என்று சொன்னார். எந்த மூலையில் நிழல் விழும் என்று சொன்னார். மஞ்சள் வீட்டையும் நீலக் கதவையும் நாயையும் சொன்னார். நாயைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"அங்கே எப்போது இருந்தீர்கள்?"

"போனதே இல்லை."

"பிறகு நாயை எப்படித் தெரியும்?"

"போனில் பார்த்தேன்."

"எதற்காகப் பார்த்தீர்கள்?"

மரிசேலா பொய் சொல்லப் பழகாதவர். "அங்கே போய் இருந்தால் எப்படி இருக்கும் என்று," என்றார்.

வக்கீல் கண்ணை மூடினார். பிறகு அவர் எழும்பி, அந்த ஆட்கள் கம்பேச்சேக்கு வருவார்களா என்று தானாகவே கேட்டுப் பார்த்தார். மரிசேலா களைத்துப் போயிருந்தார். "பயமாக இருக்கிறது," என்று மட்டும் சொன்னார். பெட்டியைச் சொல்லவில்லை. அது லேபலில் இல்லை.

வெளியே வந்ததும் பெரியம்மா அவரைக் கட்டிப்பிடித்தார். "ஒரு கேள்விக்கும் தெரியாதெண்டு சொல்லேல்லை, பார்த்தியே," என்று என்னிடம் சொன்னார். நான் ஓம் என்றேன்.

தீர்ப்பு கிறிஸ்துமசுக்கு முதல் கிழமை வந்தது. கிச்சனில், கோட்டு மாட்டும் இடத்தில் நின்று நான் வாசித்தேன். அந்த ஆட்கள் அவ்வளவு தூரம் தேடிவருவார்கள் என்பதற்கு ஆதாரம் போதாது. கம்பேச்சேயில் குற்றம் குறைவு. அதோடு, முன்மொழியப்பட்ட நகரத்தை மனுதாரர் வீதி மட்டத்தில் அறிந்திருக்கிறார், அங்கே குடியேறுவதில் அவருக்குப் பெரிய சிரமம் இருக்காது.

"திருப்பி வாசி," என்றார் பெரியம்மா.

வாசித்தேன்.

"அறிஞ்சிருக்கிறா எண்டோ போட்டிருக்கு?"

"ஓம் பெரியம்மா."

"எனக்குத் தெரியாதெண்டு தள்ளினவங்கள். இவளுக்குத் தெரியுமெண்டு தள்ளுறாங்கள்." சுவரில் சாய்ந்தார். "அப்ப அண்டைக்கும் நான் கொழும்பைப் படிச்சிருந்தாலும்..."

முடிக்கவில்லை. இருபத்தொன்பது வருடமாக அவர் தன்னை ஏசிவந்த ஏச்சு ஒன்று பிழை என்று அந்த இடத்தில் தெரிந்தது. அதில் அவருக்கு ஒரு ஆறுதலும் இல்லை. மரிசேலாதான் அவர் தோளைத் தடவினார். "நீ நல்லாத்தான் படிப்பித்தாய், யோகா," என்றார். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

மேன்முறையீடு செய்தார்கள். வக்கீல் இப்போது பெட்டியைப் பற்றி எழுதினார், நான் சொல்லித்தான். முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும் என்று பதில் வந்தது. செப்ரெம்பரில் புறப்படச் சொன்னார்கள். சொந்த ஊருக்குப் போகமுடியாது. நாடு முழுக்க அவருக்குத் தெரிந்த வேறு ஊர் ஒன்றுதான் இருந்தது.

அந்த விமானத்துக்குச் சாப்பாடு கட்டியது எங்கள் வரிசைதான். பெரியம்மா அன்றைக்கு லீவு எடுக்கவில்லை. தேசிக்காய் வைக்கும் இடத்தில் தான் நிற்கிறேன் என்று கேட்டு நின்றார். விமான நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். மரிசேலா பேர்சைத் திறந்து, நான்காக மடித்த லேபலை எடுத்துக் காட்டினார்.

"திகதி தாண்டிப் பத்து மாதம். இன்னும் கெட்டுப்போகவில்லை, பார்," என்றார்.

என்னிடம் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். அன்றைக்கு இருக்கவில்லை. அவர் அதைத் திரும்ப மடித்துப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார்.

முதல் கிழமை மதிலின் படம் வந்தது. எல்லாம் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டாம் கிழமை மஞ்சள் வீடு. இப்போது அது வெள்ளை. நாயைப் பற்றி விசாரித்தாராம், செத்து மூன்று வருடமாம். அதே தெருவில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்திருந்தது. மூன்றாம் கிழமை சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை என்று குரல் பதிவு வந்தது. அதைப் பெரியம்மா வரிசையில் நின்றபடியே ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"இன்றைக்குத் தேசிக்காய் இறங்கியது," என்றது மரிசேலாவின் குரல். பின்னால் சந்தைச் சத்தம். "எங்கள் பள்ளத்தாக்குப் பெட்டி. இறக்கியவன் என் பேச்சின் சாயலைக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்த ஊர் என்றான். நான் கம்பேச்சே என்றேன். எந்தத் தெரு என்றான். யோகா, நீ படிப்பித்ததுபோல நிறுத்தாமல் சொல்லிவிட்டேன்."

பதிவு அங்கே முடிந்தது. பெரியம்மா கையில் வைத்திருந்த தேசிக்காய்த் துண்டை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

உடனே எழுதினோம், அந்த அறையை விட்டு வெளிக்கிடு என்று. அதற்கு, அனுப்பியாயிற்று என்கிற ஒரு சரி அடையாளம்தான் விழுந்தது. போய்ச் சேர்ந்தது என்கிற இரண்டாவது விழவில்லை. அதற்குப் பிறகு அனுப்பிய ஒன்றுக்கும் விழவில்லை. இன்றோடு ஏழு கிழமை. போன் கெட்டிருக்கலாம். நம்பர் மாற்றியிருக்கலாம். வக்கீலுக்கு எழுதினேன், அங்கே ஏதோ ஒரு அலுவலகத்துக்கும் எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

இப்போது இடைவேளையில் நாங்கள் இரண்டு பேர்தான் நடக்கிறோம்.

"மஞ்சள் வீட்டடிக்குப் போ," என்கிறார் பெரியம்மா.

"இது பழைய படம் பெரியம்மா. அவா போக முதல் எடுத்தது."

"எனக்குத் தெரியும். நீ போ."

விரலால் தள்ளுகிறேன். படத்தில் வீடு இன்னும் மஞ்சள். நாய் படுத்திருக்கிறது.

"அங்காலை, சந்தைப் பக்கம். உந்தச் சிவப்புச் சட்டைக்காரி ஆர்?"

கூடையோடு ஒரு பெண் நிற்கிறாள். அந்தப் படங்களில் எல்லோருடைய முகத்தையும் மங்கலாக்கி விடுவார்கள். பெரிதாக்கிப் பார்க்கிறேன். பெரிதாக்க ஆக்க முகம் இன்னும் இல்லாமல் போகிறது.

"தெரியாது பெரியம்மா," என்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு இப்போது அவர் ஏசுவதில்லை.